வலித்தால் போட்டுக்கொள்ளவும்

அந்தப் பெரியம்மா எனக்கு உறவில்லை. சித்தூரில் நான் குடியிருந்த காம்பவுண்டில் ஐந்து வீடுகள். கக்கூசை ஒட்டினாற்போல இருந்த கடைசி வீடு அவருடையது. குள்ளமான உருவம். முழங்காலைப் பிடித்துக்கொண்டு, ஒரு மூச்சு விட்டு, அப்புறம்தான் எழுந்திருப்பார். நான் பலாசமுத்திரம் பக்கத்து ஊர்க்காரி என்று தெரிந்ததும், "நம்ம பக்கத்துப் பொண்ணா நீ?" என்று கேட்டார். அன்றிலிருந்து நான் அவருக்குப் பாப்பா. எனக்கு அப்போதே முப்பத்தைந்து வயது.

அவர் எப்படிப்பட்டவர் என்று சொல்ல ஒரு பஸ் கதை போதும். என் தம்பி குழந்தைக்குத் திருமலையில் மொட்டை போட்டுவிட்டு ஒரு நாள் சாயங்காலம் திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்கு வந்தேன். ஒரு தூணோரமாகப் பெரியம்மா மஞ்சள் பையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். முகம் வாடிப்போயிருந்தது.

"இன்னா பெரிம்மா, இங்க நின்னுக்கினு கீற?"

"சித்தூரு பஸ்ஸுக்கு. ரெண்டு மணியிலருந்து நிக்கிறேன். இன்னும் வர்ல."

பக்கத்துப் பிளாட்பாரத்தில் சித்தூர் பஸ் ஒன்று நின்றுகொண்டிருந்தது. அதற்கு முன்னால் நாலைந்து போயிருக்க வேண்டும். அதைக் காட்டினேன்.

"பாத்தேன் பாப்பா. ஜனமெல்லாம் ஏறிப் போனாங்க. ஆனா ஒரு கண்டக்டரு இங்கதான் வரும், இங்கயே நில்லுன்னு சொல்லிட்டுப் போனாரு."

"அவரு சொன்னா? கண்ணு முன்னாடி பஸ்ஸு போவுதே!"

"யூனிபாரம் போட்டுக்கினு கீறாரு. அவருக்குத் தெரியாதா?"

சிரித்துக்கொண்டே கையைப் பிடித்து ஏற்றிக்கொண்டு வந்தேன். காம்பவுண்டு முழுக்க ஒரு வாரம் இந்தக் கதையைச் சொல்லிச் சிரித்தோம். அவரும் எங்களோடு சேர்ந்து சிரித்தார். ஆனால் அடுத்த தடவை வேறொரு கண்டக்டர் சொன்னாலும் அங்கேயே நின்றிருப்பார் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

விஷயம் தெரிந்தவர் என்று ஒருவரை மனதில் வைத்துவிட்டால் அவர் வாயிலிருந்து வருவது சத்தியம். பெரியம்மாவின் குணம் அதுதான். இதைச் சொல்லிச் சிரிக்கிற வயதும் இடமும் போய்விட்டது எனக்கு.

அவருடைய முழங்கால் கெட்டதே இந்தக் குணத்தால்தான். சித்தூரைச் சுற்றி மாம்பழக் கூழ் ஃபேக்டரிகள் நிறைய. சீசன் வந்தால் சுற்று வட்டாரத்துப் பெண்களெல்லாம் அங்கேதான். பெரியம்மா இருபது சீசனுக்கு மேல் போனவர். ஈரத் தரையில் நின்றபடியே காம்பு வெட்ட வேண்டும், தோல் சீவ வேண்டும். பழத்தின் பால் பட்டுப்பட்டு வலதுகை விரல்களில் ரேகையே இருக்காது, வழவழவென்று இருக்கும். உட்கார்ந்து வேலை செய்தால் கை மெதுவாகும், யாரும் உட்காரக் கூடாது என்று சூப்பர்வைசர் சொல்லியிருக்கிறார். அவர் அந்தப் பக்கம் போனதும் எல்லாப் பெண்களும் பழக்கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார்களாம். பெரியம்மா மட்டும் நின்றுகொண்டே வெட்டுவார்.

"நீயும் உக்காந்தா இன்னா?" என்று கேட்டிருக்கிறேன்.

"அவரு சொல்றதுல இன்னாவோ விசயம் இருக்கும். இல்லன்னா இன்னாத்துக்கு சொல்றாரு?"

நான் வேலை செய்தது ஒரு மருந்துக் கடையில். சுவரில் கண்ணாடி போட்டு ஒரு பார்மசிஸ்ட் சர்டிபிகேட் தொங்கும். அதற்குச் சொந்தக்காரர் கடைக்கு வந்து நான் பார்த்ததில்லை. முதலாளி கல்லாவில் உட்கார்ந்திருப்பார், கவுன்ட்டரில் நான். பத்தாவதில் கணக்கில் ஃபெயிலானவள் நான். எந்த அட்டை எந்த அடுக்கில் இருக்கிறது, எதற்குப் பதிலாக எதைக் கொடுக்கலாம் என்பதெல்லாம் கை பழகிப் பழகி வந்தது. நாலு வருஷத்தில் ஜனங்கள் டாக்டரிடம் கேட்பதை என்னிடமே கேட்க ஆரம்பித்தார்கள். என்னிடம் ஒருவர் கேட்பதும் நான் பதில் சொல்வதும் எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்பதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். என் புருஷன் வீட்டில் பருப்பு விலை கூட என்னைக் கேட்க மாட்டார்கள்.

பெரியம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. முழங்கால் வலிக்கு ஒரு டாக்டர் எழுதிக்கொடுத்த சீட்டோடு முதல் தடவை கடைக்கு வந்தார். வலிக்கு மஞ்சள் மாத்திரை, கூடவே வயிற்றுக்கு ஒரு கேஸ் மாத்திரை. நான் கத்திரிக்கோலால் கேஸ் மாத்திரை அட்டையின் மூலையை வெட்டிக் கொடுத்தேன்.

"மூலை வெட்டுனது காலைல வெறும் வயித்துல. வெட்டாதது சாப்ட்ட பின்னாடி."

"சரி பாப்பா. நீ சொன்னாப்புலயே செய்றேன்."

பதினோராம் நாள் மீதி ஐந்து கேஸ் மாத்திரையைக் கொண்டுவந்து கவுன்ட்டர் மேல் வைத்தார். டாக்டர் பத்து நாளைக்கென்று சொல்லியிருக்கிறார், பத்து நாள் ஆகிவிட்டது, இதை வீட்டில் வைத்திருப்பது தப்பில்லையா என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. வாங்கி டிராயரில் போட்டேன்.

"அப்போ வலி மாத்திரை?"

"அது வலிச்சா போட்டுக்கோன்னாரு. இன்னும் வலிக்குதே."

இன்னொரு அட்டை கொடுத்தேன். அப்புறம் சீட்டே கேட்கவில்லை. எதற்குக் கேட்க வேண்டும், ஒரே காம்பவுண்டு. சில நாள் வேலை முடிந்து திரும்பும்போது நானே எடுத்துக்கொண்டு போவேன். அவருக்கு வலிக்காத நாள் என்று ஒன்று இல்லை. காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று, மூன்று வருஷம்.

நடுவில் நெஞ்சு வலி என்று அவருடைய மகன் வந்து இருதய டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனான். அவன் ஸ்ரீசிட்டி பக்கத்தில் ஒரு கம்பெனியில் பெட்டி ஏற்றுகிற வேலை. அங்கேயே ரூம் எடுத்துத் தங்கி, மாதத்தில் இரண்டு தடவை அம்மாவைப் பார்க்க வருவான். வரும்போதெல்லாம் அம்மாவுக்குப் பிடிக்கும் என்று ஒரு பாட்டில் கார ஊறுகாய் வாங்கி வருவான். இருதய டாக்டர் ரத்தம் கட்டாமல் இருக்க ஒரு சின்ன மாத்திரை எழுதினார், தினமும் ஒன்று.

"மூட்டுக்கு மாத்திரை சாப்புடறத அவருகிட்ட சொன்னியா?"

"அவரு கேக்கலியே பாப்பா."

மூட்டு டாக்டருக்கு இருதய மாத்திரை தெரியாது. இருதய டாக்டருக்கு மூட்டு மாத்திரை தெரியாது. இரண்டு அட்டைகளும் ஒரே கையால் எடுத்துக் கொடுக்கப்பட்டன. அந்தக் கை என்னுடையது. இரண்டும் சேர்ந்தால் வயிற்றை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்பதும் அப்போது எனக்குத் தெரியாது.

பெரியம்மா நன்றாகச் சாப்பிடுகிறவர். ராகிக் களி கிளறி, வேர்க்கடலைச் சட்னியைக் காரமாக அரைத்து வைத்துக்கொண்டு, "வா பாப்பா, ஒரு வாய் துன்னுட்டுப் போ" என்று கூப்பிடுவார். அந்தக் களி உருண்டை மெல்ல மெல்லச் சின்னதானது. துன்றதெல்லாம் நெஞ்சில் நெருப்பு வைத்தாற்போல எரிகிறது என்றார். எங்கள் ஊரில் வயிற்றில் எது வந்தாலும் அதற்கு ஒரே பெயர்தான், கேஸ். முதலாளியும் அதைத்தான் சொன்னார். "கேஸ் அம்மா, அந்தே," அவ்வளவுதான் என்று சொல்லி, ரோஸ் கலரில் ஒரு மருந்து பாட்டிலை நீட்டினார். குடித்தால் கொஞ்ச நேரம் குளுமையாக இருக்கிறது என்றார் பெரியம்மா. அதோடு அந்த விஷயம் முடிந்தது.

அப்புறம் தண்ணீர்க் குடத்தைத் தூக்க முடியவில்லை. குழாயடியிலிருந்து அவர் வீடு இருபது அடி. அதற்குள் இரண்டு தடவை குடத்தை இறக்கி வைப்பார். உள்ளங்கை வெளுத்துப்போயிருந்தது. ரத்தம் டெஸ்ட் எடுத்துப் பார்த்ததில் பாதிக்குப் பாதி குறைவு என்று சொல்லி, சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். ரத்தம் ஏன் குறைந்தது என்று அவர் கேட்கவில்லை. கேட்கிற பழக்கமே அவருக்குக் கிடையாது. நானாவது கேட்டிருக்கலாம். வயசாகிவிட்டது, சரியாகச் சாப்பிடுவதில்லை, அதனால்தான் என்று எனக்கு நானே பதில் வைத்திருந்தேன். சத்து மாத்திரை அட்டையை எடுத்துக் கொடுத்தபோது இன்னொன்றும் சொன்னேன். இதைச் சாப்பிட்டால் வெளிக்கிப் போவது கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம் என்று. முதலாளி எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்த வாசகம் அது. எல்லாக் கிழவர் கிழவிகளுக்கும் சொல்லியிருக்கிறேன். பொய்யும் இல்லை.

ஒரு திங்கட்கிழமை காலை. கவுன்ட்டரில் ஏழெட்டுப் பேர் நிற்கிறார்கள். பெரியம்மா எல்லோருக்கும் பின்னால் நின்று, ஒவ்வொருவராகப் போக வழி விட்டு, கடைசியில் கிட்டே வந்தார். அதற்குள் புதிதாக நாலு பேர் வந்துவிட்டார்கள். என் காதருகே குனிந்து மெதுவாகச் சொன்னார்.

"தெலுங்குல நல்லகா போவுது பாப்பா. தமிழ்லதான் நல்லா போவல."

தெலுங்கில் நல்ல என்றால் கறுப்பு. அதை வைத்து அவர் ஜோடித்த ஜோக் அது. வரும் வழியெல்லாம் யோசித்து வைத்திருப்பார். இப்படிப்பட்ட விஷயத்தை நாலு பேர் முன்னால் வாய்விட்டுச் சொல்லக் கூசுகிறவர், ஒரு சிரிப்பில் சுற்றி என்னிடம் கொண்டுவந்திருக்கிறார். நானும் சிரித்துவிட்டேன்.

"நான்தான் சொன்னேனே பெரிம்மா, சத்து மாத்திரைக்கு அப்படித்தான் போவும்."

"இல்ல, தாரு மாதிரி கீது. ஒட்டிக்குது, தண்ணி ஊத்துனாகூடப் போவல. வாசனையும் தாங்க முடியல. பக்கத்து வூட்டுப் பொண்ணு மூக்கப் பொத்திக்கினு போவுது. வெக்கமா கீது."

"அது அப்படித்தான். ஒண்ணும் ஆவாது."

பின்னால் ஒருவர் சீட்டை நீட்டிக்கொண்டு, "அக்கா, கொஞ்சம் தொரகா," சீக்கிரம் என்று தெலுங்கில் அவசரப்படுத்தினார். பெரியம்மாவின் முகம் தெளிந்துவிட்டது. அதை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. நான் சொன்ன ஒரு வாக்கியத்தில் ஒரு மனுஷி தன் பயத்தை அந்த இடத்திலேயே இறக்கி வைத்துவிட்டார். ஒரு அட்டை வலி மாத்திரை வாங்கிக்கொண்டு, படியில் முழங்காலைப் பிடித்துப் பிடித்து இறங்கிப் போனார். அதற்குப் பிறகு இரண்டு மாதம் அதைப் பற்றி அவர் வாயைத் திறக்கவில்லை. காலையில் கக்கூசுக்குப் போகும்போது ஒரு வாளிக்கு மூன்று வாளித் தண்ணீர் எடுத்துக்கொண்டு போவதைப் பார்த்திருக்கிறேன். சுத்தக்காரர் என்று நினைத்தேன்.

அவர் விழுந்த நாள் நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். கக்கூஸ் கதவு திறக்கவில்லை என்று பக்கத்து வீட்டுப் பெண் கத்தினாள். தாழ்ப்பாளை உடைத்துத் திறந்தோம். சுவரில் சாய்ந்தபடி, முகமெல்லாம் வேர்த்து, கண் பாதி திறந்து கிடந்தார். தரையைப் பார்த்தேன். அவர் சொன்னது போலவே தார். அதற்கு நடுவில் சிவப்பு.

"பாப்பா, நீ வராத. அசிங்கமா கீது," என்றார்.

சித்தூர் ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு உடனே திருப்பதிக்குக் கொண்டு போகச் சொன்னார்கள். ஆம்புலன்சில் நான்தான் கூட உட்கார்ந்தேன். மாத்திரைகளையெல்லாம் எடுத்து வரச் சொன்னதால், அவர் வைத்திருந்த பிளாஸ்டிக் டப்பாவை அப்படியே மடியில் வைத்திருந்தேன். அங்கே ஒரு சின்ன வயது லேடி டாக்டர். பொறுமையான பெண். கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார். தெலுங்கில் கேட்டார்.

"நல்லகா போதோந்தா, அம்மா?"

அந்த நிலையிலும் பெரியம்மா என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தார். பிறகு தெலுங்கிலேயே பதில் சொன்னார். ஆமாம், இரண்டு மாதமாக அப்படித்தான் போகிறது, ஆனால் அதற்குப் பயப்பட ஒன்றுமில்லை, சத்து மாத்திரை சாப்பிட்டால் அப்படிப் போகும்.

"எவரு செப்பினாரு?" யார் சொன்னது என்று கேட்டார் டாக்டர்.

பெரியம்மா ஊசி குத்தாத கையை மெதுவாகத் தூக்கி என் கைமேல் வைத்தார். "மா பாப்ப," என்றார். எங்க பாப்பா. மருந்துக் கடையில் இருக்கிறாள், எல்லாம் தெரியும் அவளுக்கு. ஊரில் யாரிடமோ தன் மகளைக் காட்டிச் சொல்வது போலச் சொன்னார்.

டாக்டர் என்னை நிமிர்ந்து பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. டப்பாவைத் திறந்து அட்டைகளைக் கட்டில் மேல் வரிசையாக வைத்தார். மஞ்சள் மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்த்தார்.

"இதை எவ்வளவு நாளா எடுத்துக்கறீங்க?"

"மூணு வருசமா. வலிச்சா போட்டுக்கோன்னாரு," என்றார் பெரியம்மா. "தெனம் வலிச்சுது."

டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். வலி மாத்திரை வயிற்றில் புண் பண்ணியிருக்கிறது. இருதய மாத்திரை அந்தப் புண்ணை ஆறவிடாமல், ரத்தத்தைக் கட்டவிடாமல் செய்திருக்கிறது. கொஞ்சம் கொஞ்சமாக மாதக்கணக்கில் கசிந்திருக்கிறது. ரத்தம் குறைந்ததே அதனால்தான். சத்து மாத்திரையாலும் கறுப்பாகப் போகும், ஆனால் தார் போல ஒட்டிக்கொண்டு, அப்படி நாற்றமெடுத்துப் போனால் அது ரத்தம். முதல் நாளே வந்திருந்தால் அந்த மஞ்சள் மாத்திரையை நிறுத்தி, வயிற்றுக்கு மாத்திரை கொடுத்தே சரிபண்ணியிருக்கலாம்.

வயிற்றுக்கு மாத்திரை. மூலை வெட்டின அட்டை. என் டிராயரில் போட்ட ஐந்து.

ரத்தம் ஏற்றினார்கள். குழாய் விட்டுப் பார்த்துப் புண்ணை அடைத்தார்கள். இரண்டாம் நாள் கொஞ்சம் தெளிந்து, கஞ்சி இரண்டு ஸ்பூன் குடித்தார். மகன் வந்துவிட்டான். அவன் வெளியில் டீ குடிக்கப் போயிருந்தபோது என்னைக் கிட்டே கூப்பிட்டார்.

"பொழச்சிப்பேனா பாப்பா? நீ சொல்லு."

டாக்டர் இன்னும் எதுவும் சொல்ல முடியாது என்றுதான் சொல்லியிருந்தார். வயசான இருதயம், போன ரத்தத்தைத் தாங்க வேண்டும் என்று. நான், "பொழச்சிப்ப பெரிம்மா. நாளைக்கு வார்டுக்கு மாத்திடுவாங்க," என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டுக் கண்ணை மூடினார். நிம்மதியாகத் தூங்கினார். மூன்றாம் நாள் மத்தியானம் திரும்ப ரத்தம் போக ஆரம்பித்தது. ஒரு மணி நேரத்தில் முடிந்துவிட்டது.

டாக்டர் மகனிடம் வயிற்றில் புண், ரத்தம் போய்விட்டது என்றார். மாத்திரை பற்றியும் சொன்னார். அவன் அழுதுகொண்டிருந்தான். என்ன காதில் விழுந்ததோ தெரியாது. பாடியை ஏற்றிக்கொண்டு வரும்போது வேனில் என் எதிரில் உட்கார்ந்து, "காரம்தான்கா கெடுத்துச்சு. வரும்போதெல்லாம் நான்தான் ஊறுகா வாங்கினு வந்து குடுப்பேன். அம்மா ஆசையா துன்னும். நானே என் கையால குடுத்துட்டேன்கா," என்று தலையில் அடித்துக்கொண்டான்.

காரத்தால் இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அப்படியானால் எதனால் என்று அடுத்த கேள்வி வரும். பாகாலா தாண்டி, பூதலப்பட்டு தாண்டி, சித்தூர் வரைக்கும் அவன் அழுதுகொண்டே வந்தான். நான் அவன் முதுகைத் தடவிக்கொண்டே வந்தேன்.

காரியமெல்லாம் முடிந்து அவன் வீட்டைக் காலி செய்துகொண்டு போனான். நான் வேலையை விடவில்லை. விட்டால் போக வேறு இடமில்லை. வலி மாத்திரை கேட்டு வருகிற வயசானவர்களிடம், வெளிக்கி எப்படிப் போகிறது என்று கேட்க ஆரம்பித்தேன். ஆண்கள் முறைத்தார்கள். பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். கடைக்கு வருகிறவர்களிடம் இதென்ன கேள்வி என்று முதலாளி கண்டித்தார். இரண்டு வாரத்தில் நானே நிறுத்திவிட்டேன்.

சில மாதம் கழித்து, ஏதோ சர்டிபிகேட் வாங்க வேண்டிப் பெரியம்மாவின் மகன் சித்தூர் வந்திருந்தான். நேராகக் கடைக்கு வந்தான். இளைத்துப்போயிருந்தான். நின்று நலம் விசாரித்தான், என் பிள்ளைகளைப் பற்றிக் கேட்டான். ஒரு கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டே பேசினான்.

"பெட்டி தூக்கித் தூக்கி இடுப்பே போச்சுக்கா. அம்மாவுக்குக் குடுப்பியே, மஞ்சா மாத்திரை. அத சாப்ட்டா நல்லா கேக்குதுன்னு சொல்லும். ரெண்டு அட்டை குடு."

"இல்ல," என்றேன்.

"ஸ்டாக் இல்லியா?"

என் முதுகுக்குப் பின்னால் மூன்றாவது அடுக்கில் இருந்தது. கல்லாவில் முதலாளி பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவனுக்கு நான் சொல்ல வேண்டிய வாக்கியம் உங்க அம்மா என்றுதான் தொடங்க வேண்டும். தொடங்கினால் முடிக்க வேண்டும். முடித்தால் வேனில் அவன் தலையில் அடித்துக்கொண்டபோது நான் ஏன் சும்மா இருந்தேன் என்பதும் அதற்குள் வந்துவிடும்.

"இல்லப்பா," என்றேன் மறுபடியும்.

"சரிக்கா, பரவால்ல."

இரண்டு ஆட்டோவுக்கு நடுவில் புகுந்து ரோட்டைத் தாண்டி எதிர்க் கடைக்குப் போனான். அங்கே இருந்தவர் எதுவும் கேட்டதாகத் தெரியவில்லை. அட்டையை எடுத்துக் கவரில் போட்டுக் கொடுத்தார். அவன் திரும்பினான். நான் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு, கிடைத்துவிட்டது என்று அந்தக் கவரைத் தூக்கி எனக்குக் காட்டினான்.